பழனிச்சாமி கேட்ட பெரிய கேமரா

1. பெருசும் சின்னதும்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கேமரா கடை. பின்பக்கம் கலர் லேப், முன்பக்கம் கண்ணாடிக் கவுண்டர். தொண்ணூறுகள் முழுக்க அந்தக் கவுண்டரில் நின்று கேமரா விற்றவள் நான்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் படம் எடுத்தவுடன் பார்க்க முடியாது. முப்பத்தாறு படமும் எடுத்து முடித்து, ரோலை லேபில் கொடுத்து, பிரிண்ட் கைக்கு வந்த பிறகுதான் என்ன எடுத்தோம் என்பதே தெரியும். தப்பாகிப் போனால் போனதுதான். அந்த நாளைத் திரும்பக் கூப்பிட முடியாது.

அதனால் முதல் கேமரா வாங்க வருகிறவர்கள் தயங்கித் தயங்கித்தான் வருவார்கள். அவர்கள் முன்னால் நான் இரண்டை வைப்பேன். ஒன்று எஸ்எல்ஆர், அதிலும் ஆரம்ப மாடல். லென்ஸ் வழியாகவே பார்த்து, வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்து, ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுத்து ரோலை நகர்த்த வேண்டும். ஃப்ளாஷைத் தனியாக வாங்கி மேலே மாட்ட வேண்டும். இன்னொன்று காம்பாக்ட். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஃப்ளாஷ் அதற்குள்ளேயே. ரோலைப் போட்டு மூடினால் மோட்டார் தானே சுற்றிக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் போதும். கடையில் நாங்கள் அவற்றைப் 'பெருசு', 'சின்னது' என்றே சொல்வோம்.

யாருக்கு எது என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. முதலாளி ஜமால் பாயும் அதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெருமையை வளர்த்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் புருசனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர் பெயர் பழனிச்சாமி, அவர் மனைவி ருக்குமணி. கணபதிப் பக்கம் வீடு. அவர் வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பெருசக் கொஞ்சம் காட்டுங்க."

எடுத்து வைத்தேன். அதைக் கையில் வாங்கத் துண்டை விலக்கினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும். தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது.

"மோட்டார் பட்டறையில தகடு வெட்டற பவர் பிரஸ்ஸுல கைய மாட்டிப்போட்டாருங்க," என்றார் ருக்குமணி. "அஞ்சு மாசமாச்சு. ஊட்டுலயே உக்காந்திருக்காரு. கேமரா வாங்கோணும்னு ஒரே புடிவாதம்."

கேமராவில் பட்டன், லீவர் எல்லாமே வலது கைப் பக்கம்தான். இடது கையால் இயக்குகிற மாதிரி கேமரா எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, இவருக்குச் சின்னதுதானுங்க சௌரியம். எடை இல்ல. ஒரே பட்டன்தான். பெருசு வாங்கினா சிரமப்படுவாரு."

"நானும் அதையேதானுங்க சொல்றேன். சின்னதே போதும்."

பழனிச்சாமி கவுண்டர் மேலிருந்த எஸ்எல்ஆரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க," என்றார். சின்னதைப் பெட்டியில் வைத்து, ஒரு ரோலும் போட்டுக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

2. தலைக்கு மேலே நிழல்

ஒன்றரை மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். ருக்குமணி ஒரு பிரிண்ட் கவரைக் கவுண்டர் மேல் வைத்தார்.

ருக்குமணியின் அக்கா தாராபுரத்தில் இருக்கிறார். அக்கா மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்திருக்கிறது. போட்டோ எடுக்கும் பொறுப்பைப் பழனிச்சாமி கேட்டு வாங்கியிருக்கிறார். பிரிண்ட் வேறு ஒரு லேபில் போட்டது. நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

படச் சட்டத்துக்குள் ஆட்கள் நின்ற விதம் அருமையாக இருந்தது. தட்டு மாற்றுகிற அந்த ஒரு நொடி, பெண் நிமிர்ந்து பார்த்த நொடி, எதையும் தவறவிடவில்லை. ஆனால் எல்லா முகத்திலும் வெளிச்சம் தாடையிலிருந்து மேலே ஏறியிருந்தது. மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் விழுந்திருந்தது. பின்னால் வெள்ளைச் சுவரில், ஒவ்வொரு தலைக்கும் மேலே ஒரு கறுப்பு நிழல் நின்றது.

"ஒறம்பறைக, சொந்தக்காரங்க எல்லாம் பாத்துப்போட்டு ஆல்பத்த மூடி வெச்சுட்டாங்க," என்றார் ருக்குமணி. "கை இல்லாதவன்கிட்டக் குடுத்தா இப்படித்தான்னு கவிதாவோட பெரியப்பா சபையிலயே சொல்லிப்போட்டாரு. நாந்தானுங்க சின்னது போதும்னு சொன்னேன்."

நெகட்டிவை வெளிச்சத்துக்குக் காட்டினேன். அந்த மாடலில் எடுத்த ரோல்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் இருக்கும் எண்கள் படத்தோடு நேராக இருக்கும். இதில் எல்லாம் தலைகீழாக இருந்தன.

"ஏனுங்க, கேமராவ எப்படிப் புடிச்சீங்க?"

அவர் கேமராவை வாங்கி அப்படியே கவிழ்த்தார். கவிழ்த்ததும் வலது பக்கப் பட்டன் இடது கைப் பக்கம் வந்துவிட்டது. அடியில் பெருவிரலை வைத்து அமுக்கிக் காட்டினார்.

"இப்படித்தானுங்க எட்டுது. படத்தைத் திருப்பிப் பாத்தா நேராத்தானே இருக்கும்னு நெனச்சேன்."

நினைத்தது சரிதான். படம் நேராகத்தான் வந்திருந்தது. ஆனால் கேமரா கவிழ்ந்தால் அதற்குள் இருக்கிற ஃப்ளாஷும் அடியில் போய்விடும். சின்னதில் அதற்கு மாற்று வழியே கிடையாது. வேறு ஃப்ளாஷ் மாட்ட இடமில்லை. நான் அவருக்குச் சுலபம் என்று எடுத்துக் கொடுத்ததுதான் அவருக்கு ஒருபோதும் உதவாத கேமரா. அதை அவரிடமே சொன்னேன்.

பழனிச்சாமி கோபப்படவில்லை. "அந்தப் பெருச இன்னொருக்கா எடுங்க," என்றார்.

எஸ்எல்ஆரையும் அதே மாதிரி கவிழ்த்தார். இடது பெருவிரலால் லீவரை இழுத்தார். அதே விரலால் பட்டனை அமுக்கினார். வலது கையின் பெருவிரலும் சுண்டுவிரலும் லென்ஸ் வளையத்தைக் கவ்விக்கொண்டு திருகின. பிறகு மேலே வந்துவிட்ட அடித்தட்டைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஓட்டை எதுக்குங்க?"

"ஸ்டாண்டுல மாட்டறதுக்குங்க."

"மரை இருக்குது. அப்ப இதுல ஒரு பிளேட்ட மாட்டி, அதுமேல ஃப்ளாஷ நிறுத்திப்போடலாமுங்களே? ஒயரு கீது போட்டு இணைக்க முடியுங்களா?"

முடியும். ஃப்ளாஷையும் கேமராவையும் இணைக்க அதற்கென்றே ஒரு ஒயர் உண்டு. லேபிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜமால் பாய் வெளியே வந்தார். அவர் கேமரா ரிப்பேர் பார்த்துப் பார்த்தே கடை வைத்தவர். கேமராவை வாங்கித் தானும் கவிழ்த்துப் பார்த்தார்.

"இத்தனை வருசத்துல எனக்குத் தோணலியேப்பா," என்றார். என்னைப் பார்த்து, "விஜயா, சின்னதத் திருப்பி எடுத்துக்கம்மா. பெருசு அவருக்குப் போகட்டும். நாம பண்ணுன தப்பு இது," என்றார்.

'நாம' என்று அவர் சொன்னாலும் தப்பு என்னுடையது.

3. லேத் பட்டறை

கடைகளில் விற்கிற ஃப்ளாஷ் பிராக்கெட் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. கேமராவைக் கவிழ்த்தால் அதுவும் கூடவே கவிழ்ந்து ஃப்ளாஷைக் கீழே கொண்டுபோய்விடும். புதிதாகத்தான் செய்ய வேண்டும். கணபதியில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் லேத் பட்டறைக்குக் கேமராவையும் ஃப்ளாஷையும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். பாய் போய்வரச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

பட்டறை வாசலில் பழனிச்சாமி நின்றுவிட்டார். பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்தது. அவர் வலது கை தானாகத் துண்டுக்குள் போனது.

"இன்னொரு நாளைக்கு வரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னொரு நாளைக்கும் அது ஓடுமுங்க."

துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு உள்ளே போனார்.

உள்ளே போனதும் வேறு ஆளாகிவிட்டார். வெர்னியர் அளவுகோலை இடது கையில் பிடித்து அளவெடுத்தார். அலுமினியத் தகட்டில் கோடு கிழிக்கச் சொன்னார். கடைசல்காரர் மரை போட்டுக் கொடுத்ததை மாட்டிப் பார்த்து, "ஆடுது, இன்னொன்னு போடுங்க," என்று திருப்பிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பிராக்கெட் தயார். கவிழ்ந்த கேமராவின் தலையில் ஃப்ளாஷ் நேராக நின்றது.

இனிப் போட்டோதான் தொழில் என்று, அடுத்த வாரத்திலிருந்து ரோல் ரோலாக எடுத்துப் பழகினார். முதல் இரண்டில் ஃபோகஸ் தப்பியது. பிறகு தப்பவில்லை.

4. தாராபுரத்து வீடு

அதற்குள் கவிதாவின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். நிச்சயம் முடிந்து இரண்டே மாதம்.

ருக்குமணி ஒரு நெகட்டிவை எடுத்துக்கொண்டு வந்தார். காரியத்துக்குப் படம் பெரிதாக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தில் மகளோடு அவள் அப்பா நிற்கிற படம். அந்த மனுசருக்குச் சமீபத்தில் எடுத்த படம் அது ஒன்றுதான். எங்கள் லேபில் டச்சிங் செய்கிறவர் இரண்டு நாள் பிரஷ் வைத்து நெற்றியை வெளுப்பாக்கினார், தாடையை மங்கச் செய்தார். எவ்வளவு செய்தும் அந்த முகத்தில் ஏதோ ஒட்டாமலே நின்றது.

"ஊர்ல வேற மாதிரி பேசறாங்க அம்மணி," என்றார் ருக்குமணி. "அன்னைக்கே தலைக்கு மேல கறுப்பு நின்னுச்சு, அந்தப் படம் எடுத்ததுதான் ஆகலன்னு. எங்க மாமாவுக்கு நெஞ்சுவலி வந்ததுக்கு இவரு என்னங்க பண்ணுவாரு? ரெண்டு நாளா இவரு சோறு திங்கல. கேமராவத் தொடறதில்ல."

காரியம் முடிந்த மறுநாள் பஸ் ஏறித் தாராபுரம் போனேன். பையில் ஒரு காம்பாக்ட், ஒரு டார்ச் லைட். பழனிச்சாமியும் ருக்குமணியும் அங்கேயே தங்கியிருந்தார்கள். கூடத்தில் படம் மாலையோடு இருந்தது. கவிதாவின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியப்பா கட்டிலில் இருந்தார்.

என்னை யாரென்று சொன்னேன். கேமராவை விற்றது நான்தான் என்றும் சொன்னேன். எல்லாச் சன்னலையும் சாத்தச் சொல்லி, கவிதாவைச் சுவரோரம் நிற்கவைத்தேன். கேமராவை நேராகப் பிடித்து, ஃப்ளாஷ் இருக்கிற இடத்தில் டார்ச்சை வைத்து அடித்தேன். சுவரில் நிழல் அவள் தோளுக்குக் கீழே இறங்கியது. கேமராவைக் கவிழ்த்தேன். டார்ச்சும் கீழே போனது. நிழல் தலைக்கு மேலே ஏறியது.

"பாத்துக்குங்க. இவ்வளவுதானுங்க அந்தக் கறுப்பு. உங்க தம்பிக்கு வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இவரு கைக்கு எந்தக் கேமரா ஆகும்னு கேக்காம, தப்பானத வித்தவ நானு. பேசறதா இருந்தா என்னையப் பேசுங்க."

பெரியப்பா கையை நீட்டினார். டார்ச்சைக் கொடுத்தேன். எழுந்து வந்து அவரே மேலேயும் கீழேயும் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, மாலை போட்ட படத்தின் முன்னால் போய் நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

கவிதா சுவரோரம் நின்றபடியே சொன்னாள். "கண்ணாலத்துக்கும் சித்தப்பாவே எடுக்கட்டும் பெரியப்பா. அப்பாவ என்றகூட நிறுத்தி ஒரு படமாச்சும் எடுத்தது அவருதான்."

பழனிச்சாமி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

5. கேட்டிருக்க வேண்டியது

கல்யாணம் அந்த வருடமே, எளிமையாக நடந்தது. நானும் போயிருந்தேன். பழனிச்சாமி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்ததும் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கவிதாவின் பெரியப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. தாலி கட்டும்போது அப்பா இடத்தில் நின்று தாரை வார்த்தவரும் அவர்தான். அந்தப் படத்தில் அவர் கண் கலங்கியிருப்பது இமை வரைக்கும் துல்லியமாக வந்திருந்தது. நிழல் எல்லாம் பின்னால், கீழே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அந்தப் பிரிண்டுகளைக் கவுண்டரில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழனிச்சாமியிடம் கேட்டேன். "போட்டோ எடுக்கறதத் தொழிலாப் பண்ணப் போறேன்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க கேக்கலீங்களே அம்மணி," என்றார். "கையப் பாத்தீங்க. அப்பறம் என்ற ஊட்டுக்காரிகிட்டப் பேசுனீங்க."

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்கு அதன் பிறகு முகூர்த்த நாட்களில் ஓய்வே இருக்கவில்லை. ஆனால் தாராபுரத்து வீட்டில் மாலையோடு தொங்குகிற அந்த ஒரு படத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

அந்தக் கடை வேலையை விடும் வரைக்கும், கேமரா கேட்டு யார் வந்து நின்றாலும், அவர் முகத்தைப் பார்த்து முதலில் ஒன்றைக் கேட்பேன்: "என்ன படம் எடுக்கப் போறீங்க?" பதில் வரும்வரை பெருசையும் தொடமாட்டேன், சின்னதையும் தொடமாட்டேன்.