எழுந்து கொடுத்த சீட்

தோல் பதனிடும் டேனரியில் வேலை முடிந்த ஒருவர் ஆம்பூர் பஸ்ஸில் ஏறினார். பச்சைத்தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை அவருக்கு முன்னால் ஏறிவிட்டது. என் பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்தாள். "நீங்க உக்காருங்கண்ணா."

இந்த மரியாதை எனக்குத் தெரியும். என் அம்மாவும் டேனரியில்தான் தோல் அலசினாள். சாயங்கால பஸ்ஸில் அவள் எந்த சீட்டோரம் நின்றாலும் அதில் இருப்பவர் எழுந்துவிடுவார். ஊரே அம்மாவை மதிக்கிறது என்று அந்த வயதில் பூரித்துப்போவேன். ஒருநாள் என் கிளாஸ் டீச்சரே எழுந்து இடம் கொடுத்தார். சந்தோஷம் தாங்காமல் "தேங்க்ஸ் டீச்சர்" என்றேன். அம்மா என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள்.

"இன்னாத்துக்குடி தேங்க்ஸ்? அவங்க மூக்கப் பாரு."

பார்த்தேன். முந்தானை மூடியிருந்தது.

அன்றிலிருந்து சீட் காலியாக இருந்தாலும் அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

இப்போது என் பக்கத்திலிருந்து எழுந்த பெண்ணின் தோளில் தொங்கிய பை அசல் தோல்.

"எறங்குற ஸ்டாப் வந்துடுச்சாம்மா?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி."

"அப்போ உக்காரு. நான் எழுந்துக்கிறேன். அண்ணன் உன் பக்கத்துல உக்காரட்டும்."