நடந்த தூரத்துக்குக் கூலி இல்லை

பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், பாகூரில் அந்த பஸ்ஸுக்கு 'அஞ்சு வூட்டு வண்டி' என்றுதான் பெயர். 1936-இல் கரும்பு நல்ல விலைக்குப் போனது. அந்தப் பணத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய லாரியை வாங்கின. அதன்மேல் கூண்டு கட்டி, பெஞ்சு அடித்து, கிருமாம்பாக்கம் வழியாகப் புதுச்சேரிக்கு ஓட்டினார்கள். ஐந்து பங்கில் மிகச் சிறியது கலியபெருமாளுடையது. ஆனாலும் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனிடம்தான் வந்தது. மற்ற நால்வருக்கும் வயல் வேலை சரியாக இருந்தது. அவன் வயலை அவனுடைய அண்ணன் பார்த்துக்கொண்டார்.

அவன் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தான். கை சுத்தம். வசூல் பணத்தில் ஒரு வெற்றிலைக்குக்கூட அவன் கை வைத்ததில்லை. வண்டி ஷெட்டுக்கு வந்ததும் சக்கரத்துச் சேற்றைக் கழுவாமல் வீட்டுக்குப் போகமாட்டான். படிக்கட்டில் நின்று, ஏறுகிறவர்களிடம் அவனே வண்டிக்கூலி வாங்குவான். வண்டி ஓட்டியவர் புதுச்சேரி அந்தோணிசாமி. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார்.

பங்கு போட்டவர் வீட்டு ஆட்கள் கூலி கொடுப்பதில்லை. இப்படி ஒரு விதியை யாரும் போடவில்லை. தன் வண்டியில் ஏறித் தானே கூலி கொடுப்பதா என்பது பேசவே வேண்டாத விஷயமாக இருந்தது. ஆனால் வீட்டு ஆட்கள் என்பது கல்யாணத்துக்குக் கல்யாணம் நீளும். முதலில் பெண்டு பிள்ளைகள் ஏறினார்கள். பிறகு மருமகளின் அம்மா, சம்பந்தியின் தம்பி, தம்பியின் மைத்துனன் என்று வந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு நடை ஓடிய காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. பீப்பாயில் வந்த பெட்ரோல் குறைந்து குறைந்து நின்றே போனது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் டயர் கிடைக்கவில்லை. பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரவில்லை. அந்தோணிசாமி வண்டியின் பின்னால் ஓர் இரும்பு உலையைப் பொருத்தி, சவுக்குக் கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட வைத்தார். நாலு நடை ஒரு நடையானது.

பாகூரும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் சீமை; நடுவில் கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு துண்டு நிலம் மட்டும் இங்கிலீஷ்காரர் சீமை. அரிசி கடத்துவதைத் தடுக்க அங்கே ஒரு சாவடி போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைக்க வேண்டும், எல்லாரும் இறங்க வேண்டும், மூட்டைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் உடனே கிளம்பிவிடும். கரி வண்டி அப்படி இல்லை. அணைத்தால் மறுபடி உலைக்குக் காற்றடிக்கும் விசிறியைக் கையால் சுற்றி, வாயு சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று வண்டிக்குப் படையல் போட்டு, அதன் முன்னாலேயே கணக்குச் சொல்லிப் பங்கு கொடுப்பது வழக்கம். 1941-இல் கொடுக்க ஒன்றும் இல்லை. அடுத்த வருஷ ஆனியில் கடலூரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். பட்டாளத்து வேலைக்கு எந்த வண்டியானாலும் வேண்டுமாம். போட்ட பணத்தைப்போல இரண்டு மடங்கு விலை சொன்னார். பெரிய பங்கு அரங்கநாதனுடையது. அவர் கலியபெருமாளுக்குத் தாய்மாமன், மாமனாரும் அவரே. இந்த ஆயுத பூஜைக்கும் பங்கு இல்லையென்றால் விற்றுவிடுவது என்று அவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

வண்டி போனால் கலியபெருமாளுக்கு வேறு வேலை தெரியாது. அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். கரியைத் தோப்பிலேயே போய் வாங்கினான். பழைய டயருக்குள் இன்னொரு டயரை வெட்டிப் போட்டுத் தைத்தான். வண்டி தினமும் நிறைந்து ஓடியது, பை மட்டும் நிறையவில்லை. எல்லாம் யுத்தத்தால் வந்தது என்றே நினைத்தான். கூலி வாங்கும்போது சொந்தக்காரர்களைத் தாண்டிக் கை தானாகவே அடுத்தவரிடம் போய்விடும். அதனால் அவர்கள் எத்தனை பேர் என்று அவன் பார்த்ததே இல்லை.

பனித்திட்டிலிருந்து மீன் கூடையோடு நடந்து வந்து கிருமாம்பாக்கத்தில் ஏறும் பெண்களில் ருக்குமணி ஒருத்தி. ஒரு நாளும் கூலி பாக்கி வைக்காதவள். ஆடி மாதம் ஒரு காலையில் அவளுக்கு நிற்கக்கூட இடமில்லை. கலியபெருமாள் கையை விரித்தான். அவள் கூடையை இறக்காமலேயே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"துட்டு குடுக்கறவ ரோட்டுல நிக்கறேன். உள்ள பாத்தா பொண்ணழைப்புக்குப் போற மாரி இருக்குது. தாலி கட்டறது எங்கப்பா, புதுச்சேரியிலயா?"

அன்றுதான் கலியபெருமாள் உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பாதிக்கு மேல் உறவு.

அன்று சாப்பிடும்போது, உறவிடமும் கூலி கேட்கலாமா என்று மனைவி வள்ளியம்மாளிடம் கேட்டான். அவள் அரங்கநாதனின் மகள். குழம்பை ஊற்றிக்கொண்டே, "கேக்கறதா இருந்தா எங்கப்பாவ மொதல்ல கேளு. அவர வுட்டுட்டு மத்தவங்கள கேட்டா உனுக்கு மரியாத இருக்காது" என்றாள்.

அந்த வாரமே அரங்கநாதனுக்குப் புதுச்சேரிக் கோர்ட்டில் வாய்க்கால் வழக்கு இருந்தது. பாகூரில் ஏறி முன் பெஞ்சில் உட்கார்ந்தார். கலியபெருமாளுக்கு அங்கே கேட்க வாய் வரவில்லை. கிருமாம்பாக்கத்தில் வண்டி நின்றதும்தான் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"மாமா, கூலி."

"இன்னா?"

"கூலி, மாமா. இனிமே எல்லாருகிட்டயும் வாங்கறேன்."

அரங்கநாதன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பொண்ணையும் கொடுத்து, வண்டிக்குப் பணத்தையும் கொடுத்து, அதில் ஏறி உட்காரக் கூலியும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஆயுத பூஜை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்தபடி ரோட்டோரமாக நடந்தார். கொஞ்ச தூரத்தில் வண்டி அவரைத் தாண்டிப் போனது. அன்று வேறு எந்த உறவிடமும் கேட்கக் கலியபெருமாளுக்குத் தைரியம் இல்லை.

சாவடியில் யாரோ பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்த அரிசி மூட்டை அகப்பட்டது. அதை எழுதி, முத்திரை போட்டு, ஆளை இறக்கிவிட்டு அனுப்ப வெகு நேரம் ஆயிற்று. உலை தணிந்துவிட்டது. அந்தோணிசாமி விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். புகை வந்ததே தவிர வாயு சேரவில்லை. அப்போது தூரத்தில் குடை தெரிந்தது.

அரங்கநாதன் வந்து சேர்ந்தார். மடியில் ஒன்றும் இல்லை என்று காட்டினார்; சாவடிக்காரன் விட்டுவிட்டான். வண்டியைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். வேர்வையைத் துடைத்தார்.

"உன் வண்டியோட நானே மேலு போலருக்குதேடா."

கீழே கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ருக்குமணி, "நடந்தே போ பெரியவரே. நாளைக்குக் கோர்ட்டு தொறக்கும்போது போயி சேந்துடலாம்" என்றாள்.

விசிறியின் சத்தம் மாறியது. இயந்திரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. எல்லாரும் ஏறினார்கள். அரங்கநாதன் மட்டும் படிக்கட்டு அருகே நின்றார்.

"இங்கருந்து டவுனுக்கு எவ்ளோ?"

"ரெண்டணா, மாமா." கலியபெருமாள் கொஞ்சம் தயங்கினான். "பாகூர்லருந்து கிருமாம்பாக்கம் வரைக்கும் ஏறினு வந்தீங்க. அதுக்கு ஒரணா. மொத்தம் மூணணா."

"நடுவுல நான் நடந்தேனே?"

"நடந்த தூரத்துக்குக் கேக்கல, மாமா."

அரங்கநாதன் இடுப்புப் பையை அவிழ்த்து மூன்று அணாவை எண்ணிக் கொடுத்துவிட்டு ஏறினார். அவருடைய இடத்தில் அவர் சம்பந்தி சிங்காரவேலு உட்கார்ந்திருந்தார். அவரிடம், "நான் குடுத்துட்டேன். நீ இன்னா வெளிய பாத்துகினு கீற?" என்றார். புதுச்சேரி போய்ச் சேருவதற்குள் வண்டியில் இருந்த உறவு முழுவதும் கூலி கொடுத்துவிட்டது.

அதன் பிறகு கலியபெருமாளைவிட அரங்கநாதன்தான் கண்டிப்பாக இருந்தார். தான் கொடுத்ததை இன்னொருவர் கொடுக்காமல் போவதை அவரால் தாங்க முடியவில்லை. சும்மா ஊர் சுற்ற வந்த உறவு குறைந்தது. அந்த இடங்களில் மீன்காரப் பெண்கள் ஏறினார்கள். நாற்றம் என்று பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சிங்காரவேலு வீட்டார் கலியபெருமாளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பேரனுக்குக் காது குத்தியபோது கலியபெருமாளுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. வள்ளியம்மாள் அன்று நாள் முழுவதும் வாசல் பக்கம் வரவில்லை.

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, கணக்குச் சொன்னான். பங்கு பெரிதில்லை. ஆனால் ஐந்து வீட்டுக்கும் இருந்தது. கடலூர்க்காரரும் வந்திருந்தார். இந்த விலை இனிமேல் வராது என்று இரண்டு பங்குக்காரர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். கலியபெருமாள் வண்டியின் விளக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அரங்கநாதன் பொரியை வாயில் போட்டுக்கொண்டே, வண்டியை விற்றால் அந்தப் பணம் ஐந்து வீட்டிலும் அடுத்த கல்யாணத்தோடு தீர்ந்துவிடும், வண்டி இருந்தால் வருஷா வருஷம் ஏதாவது வரும் என்றார். கான்ட்ராக்டர் வெற்றிலைத் தட்டில் கை வைக்காமல் எழுந்துபோனார்.

மறுநாள் காலை முதல் ஆளாகச் சிங்காரவேலுதான் வந்து ஏறினார். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, டவுன் வரைக்குமான முழுக் கூலி நாலணாவை நீட்டினார். கலியபெருமாள் அதை வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனான்.