என் பேரில் வந்த கடற்கரை

காய்கிற நெத்திலியின் கவுச்சி, அலை ஒதுக்கிவிட்ட சொறிமீன் வெயிலில் உருகும் வாடை, அதற்கும் மேலே விடியற்காலையில் ஊரே வந்து "ஒதுங்கிவிட்டு"ப் போன வாடை: திருவிடந்தையில் நான் மூச்சு விட்டு வளர்ந்த காற்று இதுதான். பள்ளிக்கூடத்து ஆங்கில வகுப்பில் மட்டும் அது வேறு மாதிரி வீசியது. 'கடற்கரையில் ஒரு மாலை' என்ற கட்டுரை நோட்ஸில் இருக்கும். பொன் போன்ற மணல் வரும், தென்றல் வரும், அப்பா எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். வகுப்பே கண்ணை மூடிக்கொண்டு அதை வரி மாறாமல் மனப்பாடமாக "டப்பா" அடிக்கும். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கும் பரீட்சை தவறாமல் அந்தச் செலவை நான் இழுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில், ஊரப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி ஒரு புது மிஸ் வந்தார்.

"நோட்ஸ மூடுங்க. உங்க கடல நீங்களே எழுதுங்க. நல்லா இருக்கிறது ஆண்டு மலர்ல வரும், பேரோட."

பேரோட! அதுவரை என் பெயரைக் கரண்ட் கம்பத்தில் நானே கரியால் எழுதித்தான் பார்த்திருக்கிறேன்; அச்சில் பார்க்கும் ஆசையில் சோறு இறங்கவில்லை. தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் வழித்தெடுத்து, சூரிய உதயத்தைப் படம் பிடிக்க வந்த சென்னைக் குடும்பம் ஒன்று, கேமராவுக்குச் சிரித்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஊர் விடியலில் ஒதுங்கிவிட்டுப் போனதில் ஒருவர் பின் ஒருவராகக் கால் வைத்ததை எழுதினேன். மிஸ் முதலில் மூக்கைப் பொத்தினார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து பெஞ்சு எல்லப்பனுக்குத்தான் வருத்தம்: "இன்னா மச்சான், ஊரு மானத்த இங்கிலீசுல வாங்கினுகீற?"

தலைமையாசிரியர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "சீ! இதுலேந்து தப்பிச்சுப் போவத்தான்டா இங்கிலீஷே படிக்கிறோம். அங்கயும் இத்தயே கொண்டாந்து கொட்டுவியா?"

ஆண்டு மலர் வந்தது. என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, இனிஷியல்கூடத் தப்பில்லாமல். கீழே பொன் மணல், தென்றல், ஐஸ்கிரீம். நோட்ஸை அப்படியே ஏற்றியிருந்தார்கள். அடுத்தவன் மென்று துப்பிய வெற்றிலையை என் வாயில் திணித்த மாதிரி இருந்தது. நான் எழுதிய தாள் எங்கே என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "ஆபீஸ்ல கிழிச்சுப் போட்டுட்டாங்கடா. நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவோ, மலரை லுங்கியில் செருகிக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போனார். "பாரு அண்ணாத்த, நம்ம புள்ள எழுதிக்கீறான், இங்கிலீசு!" திரும்பி வந்து என்னிடம் கேட்டார்: "இன்னாடா எழுதிக்கீற?"

"நீ எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குட்த்தியாம்."

லுங்கியிலிருந்து மலரை எடுத்து விரித்தார். "எப்படா வாங்கிக் குட்த்தேன்?"



இப்போது அந்தக் கரையில் ரிசார்ட்டுகளின் மதில்கள்; மணலைத் தலை வாருவதுபோல் தினமும் வாரி விடுகிறார்கள், நெத்திலி காய இடமில்லை. நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் மெயில் அடித்துப் பிழைக்கிறேன். எல்லாம் எவரோ எழுதியதை வெட்டி ஒட்டியது, மென்று துப்பிய வெற்றிலைகூடப் பழகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். நாற்றம் வந்தது, அந்தச் சென்னைக் குடும்பத்து அம்மாள் மணலில் தேய்த்த செருப்புகூட வந்தது. கிழிந்துபோன அந்தத் தாளில் ஒரு வரிக்கு அடியில் மிஸ் சிவப்பு மையால் கோடு போட்டு 'குட்' என்று எழுதியிருந்தார். கோடு கண்ணில் நிற்கிறது. அதற்கு மேலே இருந்த வரிதான் இல்லை.