ஓம் சொல்லாத ஒரு ரீம்

படகுச் சவாரித் தொழிலில் கடலைச் சமாளித்துவிடலாம். எதற்கும் ‘ஓம், சரி’ என்று தலையாட்டுகிற மனிதர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் ஒரு சின்ன இறங்குதுறை. அங்கிருந்து சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கு அழைத்துப் போகும் படகுகளுக்கு நான் பொறுப்பாளர். கோணேசர் மலையைக் கடலிலிருந்து காட்டுவோம். அதிர்ஷ்டம் இருந்தால் டொல்பினும் காட்டுவோம். எனக்குக் கீழே இரண்டு படகோட்டிகள், ரிக்கெட் கவுண்டரில் ஓர் அக்கா. இந்த மூன்று பேர் குழுவும் ஒரு ரீமா என்று சிரிக்காதீர்கள். மூன்று பேரை வைத்து வேலை வாங்கிப் பாருங்கள், பிறகு கதைப்போம். ஏற்கெனவே அப்படி வேலை வாங்கிக்கொண்டு, தலையிடி மாத்திரையோடு இதை வாசிப்பவர்களுக்கு நான் எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்கள் என் ஆட்கள்.

வாய்க்குக் கிடைத்த வேலை

பல்கலைக்கழக இறுதிப் பரீட்சை முடிந்து பெறுபேறுக்குக் காத்திருந்த நேரம், தோழிகளோடு இதே படகுச் சவாரிக்கு வந்திருந்தேன். விடியப் புறப்படும் என்று சொன்ன படகு, வெயில் ஏறியபிறகும் அசையவில்லை. தோழிகள் செல்ஃபி எடுத்தார்கள். நான் முதலாளியைத் தேடிப் பிடித்தேன். நேரம் சொல்வது ஒரு வாக்கா இல்லையா, வாக்கு இல்லையென்றால் எதற்குப் பலகையில் எழுதி வைத்திருக்கிறீர்கள், எழுதியவர் யார், அவருக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டேன். மனிதர் கோபிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, படகுகளைப் பார்க்க ஓர் ஆள் தேவைப்படுகிறது, வருகிறீர்களா என்றார்.

ஒரு நிபந்தனை இருந்தது. ஆவணியில் அவருடைய மருமகன் கட்டாரிலிருந்து வருவார். அதற்குள் நான் சரிவந்தால் பொறுப்பாளர் கதிரை எனக்கு, இல்லாவிட்டால் மருமகனுக்கு. வீட்டில் சொன்னபோது அம்மா, “ஆம்பிளையளுக்கு ஓடர் போடப் போறியோ? உனக்கென்ன விசரே?” என்றார். யோசித்துக்கொண்டிருந்தவள் அந்த நிமிடமே முடிவெடுத்தேன். கூடவே ஒரு பயமும் பிடித்தது. ஆவணியில் எழும்பிப் போகச் சொன்னால், அம்மா சொன்னது சரியென்று ஆகிவிடும். அதை மட்டும் என்னால் தாங்க ஏலாது. அடுத்த நாள் போய்ச் சம்மதம் சொன்னேன். முதலாளி கதிரையைத் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

“இவ்வளவு வாயை எனக்கு எதிரா வீணாக்காம, எனக்காகப் பாவியுங்கோவன் பிள்ளை.”

முதல் ஓம்

முதல் நாளே கூட்டம் வைத்தேன். சல்லியிலிருந்து சைக்கிளில் வருகிற இரவி அண்ணை, கிண்ணியாவிலிருந்து வருகிற ரிஸ்வான் நானா, கவுண்டரில் இருக்கிற சுதா அக்கா. மூவரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். “நாளைக்கு ஆறு மணிக்குப் படகு வெளிக்கிட வேணும். ஒரு நிமிஷமும் பிந்தக் கூடாது. சரியோ?” என்றேன். “ஓம்” என்றார் இரவி அண்ணை. “ஓம் தங்கச்சி” என்றார் ரிஸ்வான் நானா. சுதா அக்கா இரண்டு தரம் ஓம் சொன்னார். தலைமைத்துவம் என்பது இவ்வளவு சுகமா, இதற்கா மூன்று வருடம் முகாமைத்துவம் படித்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆறு மணிக்கு இறங்குதுறையில் இருந்தது நானும் ஒரு பிரெஞ்சுக் குடும்பமும் மட்டும்தான். வெயில் ஏறியபிறகு வந்த இரவி அண்ணை ஆறுதலாகச் சைக்கிளைச் சாத்தியபோது நான் வெடித்தேன். “நேற்று ஓம் எண்டு சொன்னீங்கள்தானே!” அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“ஓம் எண்டது, நீங்கள் சொன்னது கேட்டது எண்டு பிள்ளை. செய்யிறன் எண்டு எப்ப சொன்னனான்?”

மான் தின்ற சட்டம்

வாய்ச்சொல் சரிவராது என்று, பெரிய மட்டையில் விதிகளை வண்ண வண்ணமாக எழுதிக் கவுண்டர் சுவரில் தாழ்வாக ஒட்டினேன். உயரத்தில் ஒட்டினால் வாசிக்கவில்லை என்று சாட்டுச் சொல்வார்கள் அல்லவா? எங்கள் நகரத்து மான்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் நிலையத்திலும் நிற்கும், கடை வாசலிலும் நிற்கும், எவருக்கும் பயமில்லை. அன்று பின்னேரமே ஒன்று உள்ளே வந்து, நேரந்தவறாமை தொடக்கம் கீழே இருந்த அத்தனை விதிகளையும் தின்றுவிட்டது. சுதா அக்கா துரத்தவுமில்லை. கவுண்டரில் இருந்து கையில் நாடியை ஊன்றிக்கொண்டு பார்த்திருக்கிறார்.

“மூண்டு பேரில ஒருத்தரும் எடுக்காத சட்டத்தை அந்தச் சீவனாவது உள்ளுக்கு எடுத்துதே, விடுங்கோ தங்கச்சி.”

அன்பு வாரம்

அந்த நேரம்தான் நகரத்து விடுதியொன்றில் ‘உங்கள் தலைமைத்துவப் பாணியைக் கண்டறியுங்கள்’ என்று ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. முதலாளி என்னை அனுப்பினார். பட்டறையை நடத்திய வளவாளர் கேள்விகளைத் தந்து, புள்ளி போட்டு, எல்லோரையும் மிருகங்களாகப் பிரித்தார். கட்டளை போடுபவர் சிங்கம், அரவணைப்பவர் பசு, இப்படி. பக்கத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் சிங்கம். பெண்கள் எல்லாரும் பசு. எழும்பினேன். சத்தமாகக் கதைக்கிற ஆண் ‘கண்டிப்பானவர்’, அதே சத்தத்தில் கதைக்கிற பெண் ‘வாய்க்காரி’ என்று ஊர் சொல்வதைத்தானே நீங்களும் மிருகப் படம் போட்டுச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தேநீர் இடைவேளை கொஞ்சம் முந்தியே விடப்பட்டது.

ஆனாலும் மனதில் ஓர் அரிப்பு. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால்? ஆவணி வேறு கிட்டி வருகிறது. சரி, பசுவாகித்தான் பார்ப்போமே என்று அடுத்த நாளிலிருந்து அன்பைத் தொடங்கினேன். எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கிப் போனேன். “நேரத்துக்கு வந்தா நல்லா இருக்கும் என்ன?” என்று சிரித்தேன். பிந்தி வந்த இரவி அண்ணையிடம் “பரவாயில்லை அண்ணை” என்றேன். அவர் பயந்துபோய் ரிஸ்வான் நானாவைப் பார்த்தார். படகு முன்னையதைவிட இன்னும் பிந்தியது. வாரம் முடிய முதல் சுதா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“கொஞ்ச நாளா ஒருத்தரையும் ஏசேல்ல நீங்கள். காய்ச்சலோ, இல்லாட்டி வேலையை விட்டுட்டுப் போகப் போறீங்களோ?”

வெள்ளிக்கிழமை இஞ்சின்

எனக்குத் தெரிந்தது வாதாடுவது ஒன்றுதான். வீட்டில் அதற்காக ஏச்சு வாங்கினேன், வகுப்பில் வாங்கினேன். இனி அதை ஒளித்து வைத்து என்ன பயன்? ஒரு திங்கட்கிழமை காலை, பால் விடாத பிளேன்ரீயோடு மூவரையும் இருத்தினேன். “இண்டைக்கிருந்து இந்த இடத்தில ஓம் தடை. நான் திட்டத்தைச் சொல்லுவன். அது ஏன் ஏலாது எண்டு ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொல்ல வேணும். சொல்லாதவைக்குப் படகு இல்லை.”

பிளேன்ரீ ஆறியது. முகத்துக்கு நேரே ‘ஏலாது’ என்பது எங்கள் ஆட்களுக்கு ஏச்சுச் சொல் மாதிரி. கடைசியில் ரிஸ்வான் நானா தொண்டையைச் செருமினார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிச் சவாரிக்குப் போனால் ஜும்ஆத் தொழுகைக்குத் திரும்பி வர ஏலாது என்றார். எனக்குப் பொறி தட்டியது. அவருடைய படகின் இஞ்சின் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் பழுதாகும். இரண்டு மெக்கானிக்குகள் வந்து கழற்றிப் பார்த்துக் கைவிட்ட இஞ்சின் அது! எனக்கு முன்னிருந்த ஆட்களும் நானும் அந்தச் சவாரிக்கு அவரைப் போடும்போதெல்லாம் மனிதர் மரியாதையாக ஓம் சொல்லியிருக்கிறார். வெள்ளி வந்ததும் இஞ்சின் அவருக்காக மறுத்திருக்கிறது.

அந்த இடத்திலேயே வாதம் பற்றிக்கொண்டது. வெள்ளிச் சவாரியை இரவி அண்ணை எடுப்பது, சல்லி அம்மன் கோயில் திருவிழா நாட்களில் அவருடையதை நானா எடுப்பது என்று முடிந்தது. சைக்கிளில் சல்லியிலிருந்து ஆறு மணிக்கு வருவதென்றால் மீன் இறக்கும் மச்சானுக்கு உதவாமல் வர வேண்டும் என்று இரவி அண்ணையும் அப்போதுதான் சொன்னார். புறப்படும் நேரத்தை ஆறரை ஆக்கிப் பலகையை மாற்றி எழுதினோம். அதற்குப் பிறகு ஒரு படகும் பிந்தவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன், ஆம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். இவ்வளவு நாளும் ஏன் நானா வாய்விட்டுச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மனிசன் ஏலாதுண்டா மொகம் முறியும் தங்கச்சி. இஞ்சின் ஏலாதுண்டா ஆரும் கோவிக்க மாட்டாங்க.”

பட்டுச் சேலையும் மிதவைச் சட்டையும்

படகில் ஏறுபவர்கள் எல்லோரும், கடலில் விழுந்தால் மிதக்க வைக்கிற செம்மஞ்சள் மிதவைச் சட்டையைப் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய குடும்பமொன்று வந்தது. மனைவியின் பட்டுச் சேலை படத்தில் விழாது, ஆகவே சட்டை போட ஏலாது என்றார் குடும்பத் தலைவர். நான் மறுத்தேன். அவர் என்னைத் தாண்டி இரவி அண்ணையைப் பார்த்து, “நீங்கள் படகை எடுங்கோ தம்பி, இந்தப் பிள்ளை கதைக்கட்டும்” என்றார்.

பழைய இரவி அண்ணையாக இருந்தால் ஓம் சொல்லி எடுத்திருப்பார். அவர் இஞ்சின் சாவியைக் கழற்றிச் சட்டைப் பொக்கற்றில் போட்டுவிட்டு, “ஏலாது ஐயா. உங்கட மனிசி கடலுக்குள்ள விழுந்தா, சேலை நல்ல வடிவா விரியும். ஆள்தான் கீழ போகும்” என்றார். ரிஸ்வான் நானா தன் பங்குக்குச் சேலையின் நிறத்துக்குச் செம்மஞ்சள் பொருத்தம் என்றார். சுதா அக்கா கவுண்டரை விட்டு எழும்பி வந்து, அந்த அம்மாவுக்குத் தானே சட்டையை மாட்டி முந்தானையை மேலே எடுத்து விட்டார். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஐயா மட்டும் முதலாளிக்கு முறைப்பாடு சொல்லப்போவதாகச் சொல்லிக்கொண்டே, சட்டையைப் போட்டுக்கொண்டே ஏறினார்.

“நாங்கள் காசு குடுத்துச் சவாரிக்கு வந்தமா, விவாதப் போட்டிக்கு வந்தமா?”

ஆவணி

ஐயா சொன்னபடியே முறைப்பாடு சொல்லிவிட்டார். சில நாளில் முதலாளி வந்தார். கூடவே கட்டார் மருமகன், நல்ல வாசனையோடு. நான் படகடியில் நின்று திரும்பி வந்தபோது அவர் என் கதிரையில் இருந்தார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் மற்ற மூவரிடமும் சொன்னார்: “பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா வாற ஆக்களோட சண்டை பிடிக்கிறா. இனித் தம்பி பாப்பார். சரியோ?”

வாழ்க்கையில் ஒரு சொல்லுக்கு நான் அவ்வளவு பயந்ததில்லை. மூன்று ஓம் போதும், நான் பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போக. மருமகன் சிரித்து, “ஒருத்தரும் யோசிக்காதீங்கோ. நான் சொல்லுறதைச் செய்தாச் சரி” என்றார்.

“சொல்லுறதை மட்டும் செய்யவெண்டா ஒரு ரிமோட் வாங்குங்கோ தம்பி” என்றார் சுதா அக்கா. அதோடு தொடங்கியது. அந்த ஐயாவை மறித்தது தாங்கள் எல்லோரும்தான், ஓர் ஆளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது என்றார் ரிஸ்வான் நானா. வெள்ளிச் சவாரி கைமாறிய பிறகு எத்தனை இஞ்சின் பழுது என்று முதலாளியையே திருப்பிக் கேட்டார் சுதா அக்கா. என்னைப் புகழ்ந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோபம் வந்தால் காகமும் இறங்குதுறையில் நிற்காது என்றார்கள், நான் பிளேன்ரீயில் சீனி போடத் தெரியாதவள் என்றார்கள். முதலாளி ஒருவருக்குப் பதில் சொல்வதற்குள் மற்றவர் மறித்தார். நான், நம்புங்கள், ஒரு சொல்லும் பேசவில்லை. என் வாய்க்கு அன்று வேலையே இருக்கவில்லை. முடிவில் மருமகனே கதிரையை விட்டு எழும்பி, விடுதிகளில் போய்ப் பயணிகளைப் பிடித்துத் தருகிற வேலையைத் தான் பார்ப்பதாகச் சொன்னார். முதலாளி பெருமூச்சு விட்டு இரவி அண்ணையிடம், அப்படியென்றால் இவள் தினமும் சண்டை பிடிப்பது உங்களுக்குப் பிரச்சினை இல்லையா என்று கேட்டார்.

“பிரச்சினைதான் முதலாளி. ஆனா இந்தப் பிள்ளையோட சண்டை பிடிச்சு ஒரு மாதிரிப் பழகிட்டம். இனிப் புது ஆளோட முதல்ல இருந்து தொடங்க எங்களுக்கு நேரமில்லை.”

ஆகவே சக தலையிடிக்காரர்களே, என்னுடைய தலைமைத்துவப் பாணி என்பது, காலையில் மூன்று பேரை என்னோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டு, வென்றது அவர்கள்தான் என்பதை மத்தியானத்துக்குள் மறந்துவிடுவதுதான் என்று கண்டுபிடித்திருக்கிறேன், மறக்கத்தான் இன்னும் பழகவில்லை.