யாராலும் திறக்க முடியாத பெட்டி

இசக்கியம்மாளுக்கு வீட்டைப் பூட்டினால் மட்டும் போதாது. இழுத்துப் பார்க்க வேண்டும். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டில் தொங்கியும் பார்க்க வேண்டும். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த நாள் முதல் இந்தப் பாடுதான். கணவர் மருதமுத்து மைன்ஸுக்கு ஷிப்ட் போய்விடுவார். பயம் அவளுக்குத் துணையாக வீட்டில் இருக்கும்.

மகளுக்காக நகை சேரச் சேர அந்தப் பயமும் வளர்ந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம் ஊரில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நகையோடு ரயிலேற அவளுக்குத் தைரியமில்லை; வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போக நினைத்தாள். ஊருக்குப் போகும் விஷயத்தைச் சொல்லியே மந்தாரக்குப்பம் கடையில் ஒரு நம்பர் பெட்டி வாங்கினாள். சாவி கிடையாது, சக்கரங்களைத் திருகி ரகசிய நம்பர் வைத்தால்தான் திறக்கும்.

"யாராலயும் தொறக்க முடியாதுங்க. செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் முடியாது" என்றார் கடைக்காரர் கொளஞ்சிநாதன். மூடியிலும் அப்படியே அச்சடித்திருந்தது. அச்சில் வந்துவிட்டால் அவளுக்கு வேதவாக்கு. நகையை உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் கொளஞ்சிநாதன் பெட்டி விற்க குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்சவல்லிக்கு ஒரு சந்தேகம்.

"நம்பர் மறந்து பூடுச்சின்னா என்னாங்க பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? வூட்டுக்கே வந்து தொறந்து குடுக்கிறேங்க."

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"யாராலயும் முடியாதுன்னுல்லா சொன்னீங்க?"

"திருடனால முடியாதுங்க. எங்களால முடியும்."

"அப்போ என் பெட்டியத் தொறந்து காட்டுங்க."

உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். பதற்றத்தில், அதற்குள் நகை இருப்பதுகூட அவள் புத்தியில் படவில்லை. கொளஞ்சிநாதன் சட்டைப்பையிலிருந்து மெல்லிய தகரத்துண்டு ஒன்றை எடுத்துச் சக்கரத்தின் இடுக்கில் விட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டி வாயைத் திறந்துவிட்டது.

"பாத்தியா, இனிமே மறந்தாலும் கவலையில்ல" என்று அம்சவல்லி இரண்டு பெட்டி கேட்டாள். கூடியிருந்த பெண்களும் தலையாட்டினார்கள். இசக்கியம்மாளுக்கு அழுகை முட்டியது. இத்தனை பேரில் ஒருத்திக்குக்கூடவா உறைக்கவில்லை? இவர் நல்லவராகவே இருக்கட்டும். இந்த மாதிரித் தகரம் இன்னும் யார் யார் பையில் இருக்கிறதோ?

கொளஞ்சிநாதன் நகையின் மேல் ஒரு பார்வையை ஓட்டிவிட்டுப் பெட்டியை மூடினார்.

"இப்ப திருப்திதானேங்க? ஊருக்கு என்னிக்குக் கெளம்புறீங்க?" வாஞ்சையாகத்தான் கேட்டார்.

"நாங்க போகலை" என்றாள் இசக்கியம்மாள்.

தம்பி தாலி கட்டியதை அவள் போட்டோவில்தான் பார்த்தாள்.