பட்டு அடைத்த தோட்டா

கண்ணியப்பனின் இடது கையில் மூன்று விரல்கள் போனதற்குக் காரணம் காஞ்சிபுரம் பட்டு வியாபாரி சபாபதி. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் போலீசில் பொய் சொன்னார். அந்தப் பொய்யால், விரல் போனவன் மேலேயே இன்று வழக்கு இருக்கிறது. கண்டபடி தோட்டா தயாரித்து விபத்து உண்டாக்கினான் என்று வழக்கு. அது நிரூபணமானால் அவனுடைய துப்பாக்கி லைசென்ஸ் போகும். உழுதுகொண்டிருக்கும் குத்தகை நிலமும் போகும். அந்த நிலம் சபாபதியுடையது.

இந்தப் பத்திரிகையில் ஏற்காடு பற்றியும் ஒகேனக்கல் பற்றியும் எழுதியிருக்கிறேன். இதுவும் பயணக் கட்டுரைதான். போன பங்குனியில் காஞ்சிபுரம் போய் வந்தேன். பார்த்ததை எழுதுகிறேன். கோபுரங்களைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் வேறு கட்டுரை தேடிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை தர்மபுரியில் பஸ் ஏறினேன். அங்கே எனக்குச் சைக்கிள் கடை. லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறேன். தோட்டாவை நானே வீட்டில் நிரப்பிக்கொள்வேன். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டில் பொறி கொடுக்கும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து போட்டு, மேலே கெட்டியான வில்லை ஒன்றை அழுத்தி, ஈய ரவை கொட்டி, அட்டை வைத்து மூட வேண்டும். துப்பாக்கிப் பிரியர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. வேலூரில் இதற்குச் சாமான் வாங்கும் கடையில்தான் சபாபதி பழக்கமானார். கௌபாய் படம் என்றால் உயிரை விடுகிற மனிதர். டூரிங் கொட்டகையில் வந்தாலும் கார் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பார்.

"எங்க ஊருக்கு வா சார். தென்னேரி ஏரி ஓரமெல்லாம் வத்திக் கெடக்குது. படத்துல வர்ற மாதிரியே போட்டி வெக்கிறேன். தொப்பி, பெல்ட்டு எல்லாம் நம்முது. நீ துப்பாக்கி மட்டும் எடுத்துக்கினு வா" என்று கூப்பிட்டார்.

வேலூரில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி எழுபது காசு. காபி கழுநீர் மாதிரி இருந்தது. காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய் பத்து காசு டிக்கெட். தூரம் நாற்பது மைலுக்குக் கொஞ்சம் அதிகம். என் மடிமேல் இருந்த நீளமான கித்தான் பையைக் கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நாயனமா? கச்சேரியா?"

"துப்பாக்கி."

பக்கத்தில் இருந்த கீரைக்கூடைக்காரி எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே, "எதுக்குபா தொப்பாக்கி? சம்பந்தி வூட்டுக்குப் போறியா?" என்று கேட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. ஆற்காடு, காவேரிப்பாக்கம், பாலுச்செட்டிச் சத்திரம் என்று நின்று நின்று போய், காஞ்சிபுரம் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

சபாபதியின் கடை கீழே, வீடு மாடியில். தோட்டா நிரப்புவதற்கென்றே ஒரு தனி அறை வைத்திருந்தார். மேசையில் இறுக்கிய நிரப்பும் கருவி, தராசு, பித்தளைக் கூடுகள். அந்தக் கருவியை வேறு யாரும் தொட விடமாட்டார். ஒரு தட்டில் வெட்டி வைத்திருந்த வில்லைகளைக் காட்டினார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று பூப்போலக் கிடந்தன. நானெல்லாம் கம்பளி வில்லைதான் வைப்பேன். இவை தறியில் அறுந்து விழும் பட்டுக் கழிவைத் தட்டி, கஞ்சியில் தோய்த்து, காயவைத்து வெட்டியவை.

"ஒலகத்துல எவனாவது பட்டு அடைச்ச தோட்டா சுட்டிருக்கானா சார்? கஞ்சி போட்டா பாவு நூலே கம்பி மாதிரி நிக்கிது. வில்லை நிக்காதா?" என்றார்.

அவருக்கு அதில் பெரிய பெருமை. எனக்கும் அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் தெருவுக்குப் போனேன். நெசவுக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அந்த நீட்டு நூல்களுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தூறல் விழுந்தது. பங்குனியில் யாரும் எதிர்பார்க்காத மழை. பெண்களும் ஆண்களுமாக ஓடி வந்து பாவைச் சுருட்டினார்கள். சபாபதியும் கடையிலிருந்து ஓடி வந்தார்.

"மொதலாளி, நாளைக்கி தறியில ஏத்திடலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஈரப் பாவ ஏத்தச் சொல்றியா? நல்லா காயட்டும். திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்றார் சபாபதி.

அந்த மழையில் மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த புது வில்லைகளும் நனைந்தன. மத்தியானம் அவர் நிரப்ப உட்கார்ந்தபோது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"இது காயலை. இதை வைத்தால் மருந்து நமுத்துப் போகும். போட்டியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்" என்றேன்.

"முப்பது பேருக்குச் சொல்லியாச்சு சார். பிரியாணிக்கு ஆடு வாங்கியாச்சு. கஞ்சி போட்டா அப்டித்தான் ஜில்லுனு இருக்கும். உள்ள இருக்கிற சூட்டுல காஞ்சிடும்."

பாவுக்குத் திங்கட்கிழமை வரை பொறுத்தவர் தோட்டாவுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. நான் என் தோட்டாக்களையே சுடுவதாகச் சொல்லிவிட்டேன். "ஒன் இஷ்டம்" என்று சிரித்தார்.

சாயங்காலம், போட்டியில் சுட்டு உடைப்பதற்கான மண் கலயங்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்கினான் கண்ணியப்பன். முசரவாக்கத்துக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். நிலத்தில் காட்டுப்பன்றி புகாமல் காக்க ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்தான். கடைத் தோட்டாவை இரண்டு இரண்டாக வாங்குகிறவன். நிரப்புகிற பழக்கம் இல்லை. ஆனால் குறி தப்பாதவன் என்று எல்லோரும் சொன்னார்கள். கௌபாய் படத்தைக் கொட்டகையில் மூன்று தடவை பார்த்தானாம்.

"நாளைக்கி நான்தான் சார் ஜெயிப்பேன். மொதலாளிக்கிட்டயே சொல்லிட்டேன்" என்றான்.

"அவர் என்ன சொன்னார்?"

"ஜெயிச்சிக்கினு வூட்டுக்குப் போயிருவியா, நாத்து நடுறது யாருன்னு கேட்டாரு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தென்னேரிக்குப் போனோம். காஞ்சிபுரத்திலிருந்து பத்துப் பதினோரு மைல், வாலாஜாபாத் பக்கம். ஏரி பெரியது. நடுவில் தண்ணீர் கிடந்தது. ஓரம் பாளம் பாளமாக வெடித்த களிமண். அங்கே திருவிழாத் தட்டிகளை நிறுத்தி, 'பார்' என்றும் 'பேங்க்' என்றும் எழுதி வைத்திருந்தார்கள். சபாபதியின் சட்டையில் ஜரிகையில் தைத்த நட்சத்திரம். அவர்தான் ஷெரீப், அந்தப் படங்களில் வரும் போலீஸ் அதிகாரி. கையில் ஸ்டாப் வாட்ச். வந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள், நிலக்காரர்கள். எல்லோர் தலையிலும் தொப்பி. கண்ணியப்பனுக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

"இந்தத் தொப்பி போட்டா யாரு மொதலாளி, யாரு குத்தகைக்காரன்னே தெரியல சார்" என்றான் என்னிடம். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

விதி இதுதான். கம்பத்துக்குக் கம்பம் ஓடி, அவற்றின் மேல் வைத்த கலயங்களைச் சுட்டு உடைக்க வேண்டும். யார் சீக்கிரம் உடைக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். தோட்டாக்களைச் சபாபதியே தன் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். நான் என் பையிலிருந்து எடுத்துச் சுட்டேன். மூன்று கலயம் தப்பியது.

கண்ணியப்பன் முறை வந்தது. முதல் கம்பத்தில் இரண்டு கலயமும் சிதறின. ஆட்கள் விசில் அடித்தார்கள். இரண்டாவது கம்பத்தில் சுட்டான். 'டம்' என்று கேட்கவில்லை. 'புஸ்' என்றது. கலயம் அசையவில்லை.

"இன்னாடா டெக்ஸாஸு, நமுத்துப்போன தீவாளி வெடியா?" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

துப்பாக்கி பழகியவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வில்லையும் ரவையும் வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். கண்ணியப்பனுக்கும் இது தெரிந்திருந்தது. அவன் நின்றான். துப்பாக்கியை மடக்கி, கூட்டை உருவிப் போட்டுவிட்டு, குழலைக் கண்ணுக்கு நேரே தூக்கப் போனான்.

"ஏய் கண்ணியப்பா! இன்னாத்த பாத்துக்கினு நிக்கிற? டயம் ஓடுது!" என்றார் சபாபதி.

"சத்தம் சரியில்லீங்க மொதலாளி."

"நான் ரொப்புனதுபா அது! எனக்குத் தெரியாதா? கேப்பு சொத்த. அடுத்தத போட்டு அடிடா!"

நான் தூரத்தில், தட்டிக்குப் பின்னால் இருந்தேன். "சுடாதே! குழலைப் பாரு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் குரலும் அவர்கள் சிரிப்பும் கலந்துவிட்டன. கண்ணியப்பன் ஒரு தடவை சபாபதியைத் திரும்பிப் பார்த்தான். தோட்டாவைப் போட்டான். சுட்டான்.

குழல் நடுவில் பிளந்தது. அதைத் தாங்கிப் பிடித்திருந்தது இடது கை. அதற்கு மேல் விவரிக்க மாட்டேன்.

சபாபதிதான் முதலில் ஓடிப்போய்த் தன் கழுத்துக் கைக்குட்டையால் கட்டுப் போட்டார். அவர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் சீட்டில் கண்ணியப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான்டா, நான்தான்டா பாவி" என்று அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் பிறகு நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தபோது சபாபதி முகம் கழுவி, நட்சத்திரச் சட்டையை மாற்றிவிட்டிருந்தார்.

"அவனே வூட்ல ரொப்பி எடுத்தாந்தான் சார். வேணாம்னு சொன்னேன், கேக்கல" என்றார்.

நான் அங்கேயே மறுத்தேன். காரில் கூடவே எடுத்துவந்திருந்த துப்பாக்கியின் பிளந்த குழலுக்குள் ஒட்டிக் கருகியிருந்த பட்டுத் துணுக்கைக் காட்டினேன். ஓரத்தில் அரக்கு நிறம் அப்படியே இருந்தது.

சபாபதி என்னைப் பார்க்காமல் போலீஸ்காரரிடம் சொன்னார்: "காஞ்சிபுரத்துல யாரு வூட்ல சார் பட்டு இல்ல? பொண்டாட்டி பொடவயக் கிழிச்சி ரொப்பியிருப்பான்."

கண்ணியப்பன் மனைவி சரோஜா கதவோரம் நின்றிருந்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள்.

"எங்க வூட்ல பட்டு ஏது மொதலாளி? எங் கூறைப்பொடவையே நூலுதான். ஒங்க கடையிலதான் எடுத்தோம். ஒங்க கையாலதான் குடுத்தீங்க" என்றாள்.

சபாபதி, "பொம்பள வாயி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சரோஜா சொன்னதை எழுதிக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் சொன்னதற்குக் கையெழுத்து வாங்கினார்கள்.

திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பு முன் முசரவாக்கம் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து ஐந்தாறு மைல். கண்ணியப்பன் வீட்டைச் சரோஜாவே திறந்து காட்டினாள். ஒரே அறை. நிரப்பும் கருவியும் இல்லை, மருந்தும் இல்லை. பன்றிக்காக வாங்கிய கடைத் தோட்டா ஒன்று மாடத்தில் இருந்தது.

"கை போனாலும் ஏர் புடிக்க நான் இருக்கேன் சார். நெலம் இருந்தாத்தான ஏரு? கேசு முடியட்டும், அப்பால பேசிக்கலாம்னு காலையில ஆளு அனுப்பிச் சொல்லிட்டாரு" என்றாள்.

வேலூர் பஸ்ஸில் துப்பாக்கிப் பையை மேலே போட்டுவிட்டேன். மடியில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. எங்கள் தர்மபுரியில் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் தகராறு செய்கிறவர்கள்தான். குடித்துவிட்டுச் சுட்டவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் துப்பாக்கியில் 'புஸ்' என்று கேட்டால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சுடுகிறவன் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். அவன் கையில்தான் துப்பாக்கி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் சுட்டவன் கையில் துப்பாக்கி மட்டும்தான் இருந்தது. நிறுத்தும் உரிமை குத்தகைக்கு விட்டவரிடம் இருந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. நான் சாட்சி சொல்லப் போகிறேன். ஏரியில் இருந்த முப்பது பேரில் இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலருக்குச் சபாபதியிடம் வியாபாரம், சிலருக்குத் தங்கள் லைசென்ஸ் பற்றிய பயம். அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சபாபதி, இப்போது உங்களிடம் நேராகவே கேட்கிறேன். எனக்குத் தனியாக ஆள் அனுப்ப வேண்டாம். சமாதானம் பேச வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டு, எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள். கண்ணியப்பன் கையில் அந்தத் தோட்டாக்களைக் கொடுத்தது நீங்களா, இல்லையா? அவன் நிறுத்தியபோது சுடச் சொன்னது நீங்களா, இல்லையா? ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள். இல்லை என்றால், அதையும் சரோஜா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கும்படி எழுதுங்கள்.