ஆளுக்கு ஒரு பிடி

மகளின் பிரசவத்துக்கென்று ஜொகூருக்குப் போன என் மனைவி, அரிசி அளக்கும் பால் டின்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது. சேலைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். டின்னையே கொண்டுபோனவள் திரும்பி வருவாளா என்ற பயம் முதல் வாரமே பிடித்துக்கொண்டது.

வேறு டின் கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் நான் இந்தத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்தவன். எனக்குக் கிலோதான் கணக்கு. தானா ராத்தா டவுனுக்குப் போய்ச் சமையல் தராசு ஒன்று வாங்கி வந்து, அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"உன் டின்னுல அரிசி எத்தன கிராம் புடிக்கும்?"

மகள் வீட்டிலும் தராசு இருந்தது. தலைதட்டி அளந்தால் அரிசி இருநூற்று அறுபது, தண்ணீர் முந்நூறு என்றாள். "ஒரு டின் அரிசிக்கு ஒன்றர டின் தண்ணி. நம்மது குளிரு ஊருலா, தண்ணியக் கொறைச்சிறாதீங்க."

இரண்டு டின் கணக்குக்கு ஐந்நூற்று இருபது கிராம் அரிசி, தொள்ளாயிரம் கிராம் தண்ணீர். கிராம் பிசகவில்லை. சோறு மட்டும் விறைத்துக்கொண்டு வந்தது. மறுநாளும் அப்படியே. அரிசியை மாற்றினேன், குக்கரைத் திட்டினேன், அவள் தராசையும் சந்தேகப்பட்டேன். அவள் சிரிப்பாள். அதற்குள் குழந்தை அழும், போனை வைத்துவிடுவாள். உண்மையைச் சொன்னால், சோறு கெட்டுப்போவதில் எனக்கு வருத்தமே இல்லை. தினமும் அவளைக் கூப்பிட ஒரு சாக்கு இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து போனில் புலம்பியபோது திடீரென்று கேட்டாள்: "புடி எடுத்தீங்களா?"

"என்னா புடி?"

அரிசியை அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு பிடியைத் திரும்ப எடுத்து சர்ச்சுக்கென்று தனி வாளியில் போடுவாளாம். மாதாமாதம் அந்த அரிசிப் பையை மோட்டார் சைக்கிளில் வைத்து சர்ச்சில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அதற்கென்று தனியாக வாங்குகிறாள் என்றே கல்யாணமான முப்பத்தொரு வருஷமும் நினைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தது என் தட்டில் குறைந்த அரிசி என்று தெரியவில்லை.

"ஏன் சொல்லல?"

"கொழுந்து நிறுக்கையில ஈரத்துக்குன்னு எடையக் கழிக்கிறத நீங்க என்கிட்ட சொல்லிட்டா செஞ்சீங்க? கைப்பழக்கம்லா அது."

அரிசிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நிறுத்தேன். அறுபது கிராம். என் கை முரட்டுக் கை. அவள் கை சின்னது. "உன் புடி எவ்வளவு?" என்றேன். கொஞ்ச நேரம் தராசைத் தேடும் சத்தம் கேட்டது. "நாப்பது," என்றாள்.

மறுநாள் ஐந்நூற்று இருபதிலிருந்து இரண்டு நாற்பதைக் கழித்தேன். மூடியைத் திறந்தால் அவள் சோறு. அதே பதம், அதே மணம். தட்டில் போட்டு உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன்.

"சோறு சரியா வந்துருச்சு."

"பாத்தீங்களா! எத்தன டின் போட்டீங்க?"

"ரெண்டு."

"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு? இத்தன மாசமாவா?"

மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போனதைச் சொன்னேன். பிறகு, சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததும் வாயில் வந்துவிட்டது. "ஒரு டின் போட மனசு வரல. நீ வந்துரு."

பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. இந்த முறை அவள் போனை வைக்கவில்லை.

"கொறைக்காதீங்க," என்றாள். "ரெண்டு டின்னே போடுங்க. எனக்கும் சேத்து, ஆளுக்கு ஒரு புடி எடுங்க."